வெளியே ஒரு சொட்டு இல்லை, உள்ளே வந்தால் குளம்: வளர்ந்த குட்டியை வீட்டுக்குப் பழக்குவது

"அரை மணி நேரம் வெளியே நிறுத்தி வைத்தேன், ஒரு சொட்டுப் போகவில்லை. உள்ளே வந்து கயிற்றைக் கழற்றியதும் நேராகச் சோபாவுக்குப் பின்னால் போய் முடித்துவிட்டது." நாயைப் பற்றி என்னிடம் புலம்ப வருகிறவர்கள் பெரும்பாலும் இதையேதான் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். கூடவே, "சரியான பிடிவாதம் பிடித்த நாய்."

கைவிடப்பட்ட நாய்களுக்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை வைத்துப் பராமரிப்பது என் வேலை. இரண்டு மாதக் குட்டிகள் என்னிடம் அதிகம் வராது, அவற்றைத் தூக்கிப்போக ஆள் இருக்கிறது. வருவதெல்லாம் ஐந்து மாதம், எட்டு மாதம், ஒரு வயது. குட்டி முகம் போய், கால் நீண்டு, "வீட்டை நாறடிக்கிறது" என்று கைமாறி வந்தவை. சின்னக் குட்டிக்கு எதுவும் தெரியாது, புதிதாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். இவற்றுக்கு ஏற்கெனவே இரண்டு பாடம் மனப்பாடமாக இருக்கும்.

முதல் பாடம்: வெளியே ஒன்றுக்குப் போன அடுத்த நிமிடம் உலா முடிந்துவிடும். நமக்கு அவசரம், நாய் போய்விட்டது, அப்புறம் என்ன, வீட்டுக்கு இழுத்து வந்துவிடுகிறோம். அடக்கி வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கலாம் என்று நாய் புரிந்துகொள்கிறது. இரண்டாவது பாடம்: மனிதர் பார்க்கும்போது போனால் திட்டு விழும். அதனால் ஆள் இல்லாத மூலையைத் தேடுகிறது. கயிற்றின் மறுமுனையில் நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போது வெளியேயும் போக மாட்டேன் என்கிறது. நாய் போட்ட கணக்கில் தப்பே இல்லை. கணக்குக்குக் கொடுத்த எண்கள்தான் தப்பு, அவற்றைக் கொடுத்தது வீட்டில் இருப்பவர்கள். அந்த எண்களை எப்படி மாற்றுவது என்றுதான் சொல்லப்போகிறேன்.

முதலில் உடம்பு

பயிற்சியைத் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கும் நாயால் அடக்க முடியாது, என்ன பயிற்சி கொடுத்தாலும் வீண். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போவது, முக்குவது, ரத்தம் கலந்து வருவது, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். பெண் நாய்களுக்கு இது அதிகம் வரும். இளம் பெண் நாய் படுத்த இடம், தூங்கிய இடம் எல்லாம் ஈரமாக இருந்தால் அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் சேர வேண்டிய இடத்தில் சேராமல், பிறவியிலேயே அதைத் தாண்டிப் போய்த் திறந்திருக்கும். நாய்க்கே தெரியாமல் ஒழுகும். இதற்குப் போய் நாயைத் திட்டிக்கொண்டிருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

தண்ணீரையும் ஒரு நாள் அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மீதியைக் கழித்தால் தெரிந்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 10 கிலோ நாய் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. சிறுநீர் மாதிரி கேட்பார்கள். நீளக் கைப்பிடி உள்ள அகப்பையைப் பின்னாலிருந்து மெதுவாக அடியில் நீட்டினால் பிடித்துவிடலாம். அந்த அகப்பை மறுபடி சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

வயதையும் கணக்கில் எடுங்கள். குட்டிக்கு எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. மூன்று மாதக் குட்டி என்றால் நான்கு மணி நேரம். அதுவும் சும்மா படுத்திருந்தால்தான், விளையாடும்போது அதில் பாதிகூடத் தாங்காது. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள்தான் பெரும்பாலான குட்டிகளுக்கு அடக்கும் தசை கட்டுக்குள் வரும். உருவத்தில் மிகச் சிறிய இனங்களுக்குச் சிறுநீர்ப்பையும் சின்னது, இன்னும் பொறுமை வேண்டும். எவ்வளவு வளர்ந்த நாயானாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் பூட்டிவைத்துவிட்டுப் போனால் வருகிற விளைவுக்கு நாய் பொறுப்பில்லை.

வீட்டிலிருந்து வாசனையை எடுப்பது

இதில் சோம்பல்பட்டால் மற்ற எல்லாம் வீண். நாம் துடைத்த இடம் நமக்குத்தான் சுத்தம். நாயின் மூக்குக்கு அங்கே இன்னும் "இதுதான் கழிப்பறை" என்று பலகை மாட்டியிருக்கும்.

இருட்டிய பிறகு புற ஊதா டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுத் தரையையும் சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். காய்ந்த சிறுநீர் வெளிறி ஒளிரும். உங்களுக்குத் தெரியாத இடங்கள் கட்டாயம் இருக்கும்: கட்டில் கால், திரைச்சீலையின் நுனி, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே. ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள்.

துடைக்க என்சைம் கலந்த கிளீனர்தான் சரியானது. செல்லப்பிராணி வைத்திருப்பவர்களுக்கென்றே விற்பார்கள், வாசனை தரும் பொருளையே உடைத்துவிடும். புட்டியில் சொன்ன நேரம் ஊறவிடுங்கள், தெளித்த உடனே துடைத்தால் அது வேலை செய்யாது. அதற்கு முன் அங்கே வேறு கிளீனர் எதையும் ஊற்றாதீர்கள், என்சைம் செயலிழந்துவிடலாம். அம்மோனியா கலந்தது வேண்டவே வேண்டாம். சிறுநீரிலும் அந்த நெடிதான் இருக்கிறது, நீங்களே அழைப்பிதழ் வைத்த மாதிரி ஆகிவிடும். பிளீச்சிங் திரவத்தைச் சிறுநீர்மேல் ஊற்றினால் மூச்சைப் பாதிக்கும் வாயு கிளம்பும். பினாயில் நாய்களுக்கு நஞ்சு, நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்.

கால்மிதி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் சுருட்டி மேலே போடுங்கள். ஒன்றுக்குப் போகிற இடம் காலுக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை நாய் எட்டு, ஒன்பது வார வயதிலேயே பெருமளவு முடிவுசெய்துவிடும். உறிஞ்சும் பேடில் பழகிய குட்டிக்கு உங்கள் கால்மிதியும் பேடும் ஒன்றுதான்.

மூன்று நிலைகள்

பழகும்வரை வீட்டுக்குள் நாய் மூன்று நிலைகளில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். உங்கள் கண்ணெதிரே, அல்லது உங்கள் இடுப்பில் கட்டிய கயிற்றில், அல்லது கூண்டில். "எங்கேயோ உள்ளே இருக்கும்" என்று நான்காவது நிலை கிடையாது.

இடுப்புக் கயிறு பலருக்கு வேடிக்கையாகத் தோன்றும். பிடிவாத நாய் என்று வருபவற்றுக்கு இதைவிடப் பலன் தந்த ஒன்றை நான் பார்க்கவில்லை. இரண்டு மீட்டர் கயிறு போதும். நீங்கள் போகிற இடமெல்லாம் அதுவும் வரும், சோபாவுக்குப் பின்னால் நழுவ முடியாது. அதோடு, அது கொடுக்கும் சைகைகள் உங்களுக்குப் பிடிபட ஆரம்பிக்கும். தரையை முகர்ந்தபடி வட்டமிடுவது, விளையாட்டைப் பாதியில் விட்டு நகர்வது, திடீரென்று கதவைப் பார்த்து நிற்பது. சில நாய்கள் ஒன்றுமே செய்யாது, வெறுமனே அமைதியாகிவிடும். அமைதியும் ஒரு சைகைதான்.

கூண்டு நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் தந்தால் போதும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு இன்னொரு மூலையில் படுக்கும், அதனால் நடுவில் தடுப்பு வையுங்கள். முதலில் கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டை உள்ளே கொடுத்துப் பழக்குங்கள். தண்டனைக்கு ஒருபோதும் அதில் போடாதீர்கள். ஆனால் ஒன்று: அழுக்கான கூண்டில் அடைபட்டு வளர்ந்த குட்டிகள் உண்டு. படுக்கிற இடத்தை அசுத்தப்படுத்தக் கூடாது என்ற இயல்பு அவற்றிடம் மங்கிப்போயிருக்கும். ஈரத்திலேயே படுத்திருக்கும். அப்படிப்பட்ட நாய்க்குக் கூண்டால் பயன் இல்லை, இடுப்புக் கயிறும் அடிக்கடி வெளியே கூட்டிப்போவதும்தான்.

சாப்பாட்டை நேரத்துக்கு வையுங்கள். 15, 20 நிமிடத்தில் சாப்பிடவில்லை என்றால் தட்டை எடுத்துவிட்டு அடுத்த வேளைக்குத்தான். உள்ளே போவது நேரத்துக்குப் போனால் வெளியே வருவதும் நேரத்துக்கு வரும். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, சாப்பிட்டது, குடித்தது, ஒன்றுக்குப் போனது, இரண்டுக்குப் போனது, எங்கே, எத்தனை மணிக்கு என்று எல்லோரும் எழுதுங்கள். சில நாளிலேயே தாளில் ஒரு ஒழுங்கு தெரியும். ஆறு மாத நாய் சாப்பிட்டு இருபது நிமிடத்தில் போகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெளியே என்ன செய்ய வேண்டும்

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு ஐந்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்னும் கட்டாயம் வெளியே. நடுவிலும் ஆரம்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை.

கயிற்றில் கூட்டிப்போங்கள். மதிலுக்குள் அவிழ்த்துவிட்டு நீங்கள் வாசலில் நிற்பது கணக்கில் சேராது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு. உள்ளே துடைத்த துணியில் ஒன்றைத் தூக்கி எறியாமல் கொண்டுபோய் அங்கே போட்டுவைத்தால் வாசனையே வேலையைச் சொல்லும்.

அங்கே போய் நில்லுங்கள். நடக்காதீர்கள். பேசாதீர்கள், கைப்பேசியை எடுக்காதீர்கள், நாயையே முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். பாதி முகத்தைத் திருப்பி வேறு எங்கோ பார்த்தபடி மரம் மாதிரி நில்லுங்கள். கயிற்றின் நீளத்துக்குள் அது முகர்ந்து சுற்றட்டும். கொஞ்ச நேரத்தில் அதற்கு அலுத்துவிடும், அந்த அலுப்புதான் நமக்கு வேண்டும். ஐந்திலிருந்து பத்து நிமிடம் வரை பாருங்கள்.

போகவில்லையா? சரி, உள்ளே வாருங்கள். கயிற்றை மட்டும் கழற்றாதீர்கள். முதல் பத்தியில் சொன்ன குளம் உருவாகிற நேரம் இதுதான். நேராகக் கூண்டு, அல்லது இடுப்பு, அல்லது மடி. பத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அதே இடம். மறுபடி இல்லையா, மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. முதல் நாள் இது ஒரு வெறுப்பான விளையாட்டு. அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

போக ஆரம்பித்ததும் மெல்லிய குரலில் ஒரே ஒரு சொல். நான் "போ போ" என்பேன். எதுவாகவும் இருக்கலாம், வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். பாதியில் உற்சாகமாகக் கத்தினால் பாதியிலேயே நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடிவரும், மீதி வீட்டுக்குள் வரும். முடித்த நொடியில், அந்த இடத்திலேயே, கையில் ஏற்கெனவே தயாராக வைத்திருந்த தின்பண்டத்தைக் கொடுங்கள். விரல் நகம் அளவு போதும், ஆனால் அது மிகவும் விரும்புகிற ஒன்றாக, வேறு எதற்கும் கொடுக்காத ஒன்றாக இருக்கட்டும். ஓரிரு நொடிக்குள் கிடைத்தால்தான் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியும். சமையலறைக்கு வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்குள் ஓடிவந்ததற்குப் பரிசு என்றுதான் நினைக்கும்.

அப்புறம்தான் உலா. இதுதான் பிடிவாத நாய்க்கான திறவுகோல். போன பிறகு பத்து நிமிடமாவது நடத்துங்கள், ஓடவிடுங்கள், பந்து எறியுங்கள். போவதற்கு முன் உலகமே அலுப்பு, போன பிறகு உலகமே திறக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். என்னிடம் ஜானி என்று ஒரு எட்டு மாத ஆண் இருந்தது. எவ்வளவு தூரம் நடத்தினாலும் அடக்கிக்கொண்டே வரும், வீட்டு வாசற்படி தாண்டியதும் விட்டுவிடும். அதை நான் நடத்துவதையே நிறுத்திவிட்டேன். வாசலிலிருந்து நாலு எட்டில் ஒரு இடம், அங்கே நிற்பது, வருவது, நிற்பது, வருவது. ஒரு மாலை அதற்கே தாங்க முடியாமல் காலைத் தூக்கியது. உடனே தின்பண்டம், உடனே நீண்ட உலா. அந்த வாரம் முடிவதற்குள் வாசலைத் தாண்டியதும் தானாக அந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போய்விட்டு, "சரி, நடப்போமா" என்று என் முகத்தைப் பார்க்கிற நாயாகிவிட்டது. புத்திசாலி நாய்கள்தான் முதலில் தப்பாகக் கற்கின்றன, பிறகு சரியாகவும் வேகமாகக் கற்கின்றன.

நான்கு மாதத்துக்குக் குறைந்த, தடுப்பூசி முடியாத குட்டி என்றால் பொது இடம் வேண்டாம். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ என்ற வைரஸ் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உங்கள் மதிலுக்குள், இல்லையென்றால் பால்கனியில் மண்ணோ புல்லோ நிரப்பிய தட்டில் பழக்குங்கள். மழை ஈரத்தில் கால் வைக்க மாட்டேன் என்கிற நாய்க்கு ஒரு பெரிய குடையும், நனையாத ஒரு துண்டு நிலமும் வேண்டும். அதற்கு மேல் அதில் ரகசியம் ஏதும் இல்லை.

உள்ளே போய்விட்டால்

நடந்துகொண்டிருக்கும்போது பார்த்தால் கையை ஒரு முறை தட்டி, "வா வா, வெளியே" என்று கூட்டிப்போங்கள். நிறுத்தும் அளவுக்குச் சத்தம் போதும், பயப்படும் அளவுக்கு வேண்டாம். மீதியை வெளியே முடித்தால் பரிசு உண்டு. முடிந்த பிறகு பார்த்தால் துணியை எடுத்துத் துடையுங்கள், அவ்வளவுதான். மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பது எந்த நாய்க்கும் எதையும் கற்றுத்தந்ததில்லை. மனிதர் கையைக் கண்டால் ஒதுங்கவும், மறைந்து போகவும்தான் கற்றுத்தரும்.

"அதற்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது" என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்து வெளியிட்டார். தப்புச் செய்த நாயும் செய்யாத நாயும் எஜமானர் திட்டும்போது ஒரே மாதிரிதான் "குற்ற முகம்" காட்டின. அந்த முகம் உங்கள் கோபத்துக்கான பதில், தரையில் கிடக்கிற ஈரத்துக்கானது அல்ல.

நீங்கள் வீட்டுக்கு வந்ததும் குனிந்து, காதை மடக்கி, சொட்டுச் சொட்டாக விடுகிற நாயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பணிவாலோ உற்சாகத்தாலோ தானாக வருவது. அடக்கச் சொல்லி அதனிடம் கேட்க முடியாது. உள்ளே வந்ததும் அதைப் பார்க்காமல், பேசாமல் சில நிமிடம் உங்கள் வேலையைப் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து மார்பில் தடவுங்கள், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான குட்டிகள் வளர வளர இதை விட்டுவிடும்.

ஆறு மாதத்துக்கு மேல் சுவரிலும் நாற்காலிக் காலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்தால் பல ஆண் நாய்களிடம் குறையும். எப்போது செய்வது என்பதை மருத்துவரிடம் பேசி முடிவுசெய்யுங்கள், இனத்துக்கும் உருவத்துக்கும் ஏற்ப மாறும். பெண் நாய் முதல் முறை பருவத்துக்கு வரும்போதும் அடிக்கடி போகும்.

இரவில் உடம்பு சிறுநீரைக் குறைவாகத்தான் சுரக்கும், அதனால் பகலைவிட நீண்ட நேரம் தாங்கும். சின்னக் குட்டி நடு இரவில் முனகினால் விளக்குப் போடாமல், விளையாடாமல் கூட்டிப்போய்க் கூட்டிவந்து படுக்கவையுங்கள். பேச்சுக் கொடுத்தால் நாளையிலிருந்து அரட்டைக்காக எழுப்பும்.

தொடர்ந்து ஒரு மாதம் வீட்டுக்குள் விபத்தே இல்லை என்றால் ஒரு அறையைத் திறந்துவிடுங்கள். இன்னும் சில வாரம் போகட்டும், அடுத்த அறை. ஒரு வாரம் சரியாக இருந்ததும் மொத்த வீட்டையும் திறந்துவிடுகிறவர்கள்தான் மறு மாதம் என்னைத் தொலைபேசியில் அழைப்பார்கள். விடலைப் பருவத்தில், எட்டு ஒன்பது மாத வாக்கில், எல்லாம் மறந்துவிட்ட மாதிரி சில நாள் நடக்கும். இரண்டு வாரம் இடுப்புக் கயிற்றுக்குத் திரும்புங்கள், சரியாகிவிடும்.

வீட்டில் ஒருவர் மட்டும் இதைச் செய்து, மற்றவர்கள் இரக்கப்பட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டால் நாய் யாரிடம் எப்படி என்று பிரித்துப் படித்துக்கொள்ளும். மாமியாராக இருந்தாலும் சரி, பத்து வயதுப் பையனாக இருந்தாலும் சரி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாள் எல்லோருக்கும் பொது.

இடம் மாறினால் பாதிப் பாடம் மறுபடி. இந்த வீட்டில் உள்ளே போகக் கூடாது என்று தெரிந்த நாய்க்கு அடுத்த வீட்டிலும் அதே விதி என்று தானாகத் தெரியாது. அதனால் என்னிடமிருந்து புது வீட்டுக்குப் போகும் நாயோடு மூன்று பொருள் போகும். நேரம் எழுதிய தாள், அது பழகிய கயிறு, இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு பையில் அதன் சிறுநீர் நனைந்த துணி. போன உடனே, உள்ளே நுழைவதற்கு முன்பே, வெளியே அவர்கள் விரும்புகிற மூலையில் அந்தத் துணியைப் போட்டு, நாயை அங்கே நிறுத்தி, "போ போ" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது பொருளை வாங்க யாரும் கை நீட்டுவதில்லை. காரின் பின்புறம் நானே வைத்துவிட்டுத்தான் வருவேன்.